மலையடிவாரத்தில் மின்சாரம் நின்ற நாள்

திருக்கோவிலூரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், பேருந்தின் இடப்புறத்திலோ வலப்புறத்திலோ, சாலை வளைவதற்கேற்ப, அருணாசல மலை தலைகாட்டத் தொடங்குகிறது. உயரம் 814 மீட்டர்தான். ஆயினும் சுற்றிலும் சமவெளியாதலால் மிகப் பெரிதாய்த் தோன்றும். நாம் சென்ற அன்று அம்மலையை நிதானமாய்ப் பார்க்கும் மனநிலை நமக்கு இல்லை. மடியிலிருந்த பை அடுப்பங்கரைப் பாத்திரம் போலச் சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது நமது மடிக்கணினி.

அன்பு வாசகர்களே, காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம். நமது பங்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உபதேசியாராய்ப் பணியாற்றிய முதியவர் ஒருவர் அண்மையில் காலமானார். மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன், ஊர் எப்படிக் கூடிற்று, கோயில் எப்படி எழுந்தது, புயலில் கூரை பறந்த ஆண்டில் பூசை எங்கே நடந்தது என்பவற்றையெல்லாம் தம் வாயாலேயே சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்திருந்தோம். அதனை எழுத்தில் வடித்துச் சிறு நூலாக்கி, முப்பதாம் நாள் நினைவுப் பூசையன்று குடும்பத்தார் கையில் கொடுப்பதாக வாக்களித்தோம். பங்கு இல்லத்தில் தொலைபேசியும் வாசற்கதவும் ஓயாது தட்டப்படுவதால், நான்கு நாள் அமைதியான இடத்தில் அமர்ந்து எழுதி முடிப்போம் என்று ரமணாசிரமத்திற்கு எதிர்ப்புறத் தெருவொன்றில் அறை எடுத்தோம். ஒலிப்பதிவின் ஒரே பிரதி அந்தக் கணினியில் இருந்தது. ஆம், ஒரே பிரதிதான். இன்று நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

பை சுட்டதற்குக் காரணம் நமது அறியாமை. மூடியைத் தாழ்த்தினால் கணினி உறங்கிவிடும் என்று எண்ணியிருந்தோம். இக்காலத்துக் கணினிகள் பல, மூடியபின்பும் அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு, அஞ்சல் வந்ததா, புதுப்பித்தல் ஏதும் உண்டா என்று விழித்து விழித்துப் பார்க்கும் இயல்புடையவை. காற்றில்லாத பைக்குள் அவ்வாறு விழித்தால் வெப்பம் வெளியேற வழியில்லை. மின்சேமிப்பும் வீணாகக் கரைந்துபோகும். காலையில் முழுதாக இருந்த பாட்டரி, அறையில் திறந்தபோது 19 விழுக்காட்டில் நின்றது. பயணத்திற்குப் புறப்படும்போது கணினியை முற்றிலும் அணைத்துவிட வேண்டும். திறந்த பக்கங்கள் அப்படியே இருக்க வேண்டுமானால் ஹைபர்னேட் எனப்படும் நிலையில் வைக்க வேண்டும். சாதாரண உறக்கத்தில், செய்துகொண்டிருந்த வேலை நினைவகத்தில் இருக்கும். அதனைக் காக்க மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். ஹைபர்னேட்டில் அவ்வேலை வட்டில் எழுதப்பட்டு இயந்திரம் அணைந்துவிடும். எனவே செலவு ஏறத்தாழ இல்லை. இந்த வேறுபாட்டை நமக்கு விளக்கியவர் விடுதியின் பொறுப்பாளரான இளைஞர்.

“சாமி, பையில வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஷட்டவுன் பண்ணிட்டா போதும்” என்றார் அவர். அவ்வூரில் காவியுடுத்தவரும் சாமி, வெள்ளைக்காரரும் சாமி, தேநீர் கேட்பவரும் சாமி. நம்மைக் குருவானவர் என்று அறிந்து அழைத்தாரா, ஊர் வழக்கப்படி அழைத்தாரா என்பது கடைசிவரை விளங்கவில்லை.

இரண்டாம் நாள் வேலை நன்றாக நடந்தது. மாலையில் ஆசிரமத்திற்குள் சென்று வந்தோம். மயில்கள் கூரைமேல் அகவின. சமாதி மண்டபத்தில் பல நாட்டவர் பேச்சின்றி அமர்ந்திருந்தனர். ரமண மகரிஷி 1896 செப்டம்பர் முதல் நாள் இவ்வூரில் வந்திறங்கியபோது பதினாறு வயதுச் சிறுவர். வழியில் கீழூரில் காதுக் கடுக்கன்களை ஈடுவைத்துப் பெற்ற நான்கு ரூபாயில் மிஞ்சியிருந்ததையும், கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார் என்பது அவரது வரலாறு. நமது பையிலோ மூன்று வகைக் கம்பிகள்! ஆனால் அவர் பொருளை அலட்சியம் செய்தவரும் அல்லர். அச்சுப்படிகளின் எழுதாத பக்கங்களைச் சேர்த்துத் தைத்து நோட்டுப் புத்தகமாக்கிக்கொள்வார் என்று ஆசிரம நூல்களில் படித்திருக்கிறோம். 1950 ஏப்ரல் 14இல் அவர் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு ஜனவரியில் அவரைக் காண வந்தவர்களுள் பிரான்சு நாட்டுப் பெனடிக்டின் துறவியான ஹென்றி லெ சோ அடிகளும் ஒருவர். பின்னர் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்டு, மொன்ஷானின் அடிகளாருடன் 1950இல் குளித்தலைக்கு அருகே சாந்திவன ஆசிரமத்தைத் தொடங்கிய அவர், அந்தப் பத்தாண்டில் இம்மலையின் குகைகளிலும் வந்து தங்கினார். நாட்குறிப்பு எழுதுவதை அவர் விடவில்லை. பேனாவும் தாளும் போதுமாயிருந்தன.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை. முந்தின நாள் நாளிதழில் ஊர்ப்பெயர்களுடன் அறிவிப்பு வந்திருந்ததாம். நாம் நாளிதழைப் புரட்டியது உண்மை. அந்தப் பத்தியைப் படிக்காததும் உண்மை. வெளியூருக்குச் செல்வோர் இறங்கியவுடன் விசாரிக்க வேண்டிய முதற்செய்தி இதுவே என்பதை அன்று கற்றோம்.

பாட்டரியில் 61 விழுக்காடு இருந்தது. கேட்கப் பெரிதுதான். ஆனால் எதில் 61 விழுக்காடு என்பதே கேள்வி. நமது கணினி புதிதாயிருந்தபோது அதன் பாட்டரி 42 வாட்-மணி மின்னாற்றலைத் தாங்கியது. நான்கு ஆண்டு உழைப்பிற்குப் பின் முழுதாக ஏற்றினாலும் 28 வாட்-மணிதான் தாங்கும் என்று கணினியே தரும் பாட்டரி அறிக்கை காட்டிற்று. அதில் 61 விழுக்காடு என்றால் 17 வாட்-மணி. திரையைப் பளிச்சென்று வைத்து, இணையத்தையும் திறந்துவைத்தால் மணிக்கு 14 வாட்-மணி வரை செலவாகும். ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். திரையை மங்கலாக்கி, இணைப்புகளை நிறுத்தி, எழுத்து மட்டும் அடித்தால் 7 வாட்டில் ஓடும். இரண்டரை மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். நமக்கோ இன்னும் நாற்பது நிமிட ஒலிப்பதிவு மீதி. கேட்டு, நிறுத்தி, மீண்டும் கேட்டு எழுத நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மறுநாள் விடியற்காலையில் நூல் அச்சகத்திற்குச் சென்றாக வேண்டும்.

சுவரிலிருந்த பிளக்கில் கம்பியைச் செருகிப் பார்த்தோம், விடுதியில் இன்வர்ட்டர் இருக்கிறதே என்று. விளக்கு எரிந்தது, ஆனால் பிளக்கில் உயிரில்லை. நம் நாட்டு வீடுகளில் பெரும்பாலும் விளக்கும் விசிறியுமே இன்வர்ட்டர் இணைப்பில் இருக்கும், பிளக்குகள் இரா. 2012ஆம் ஆண்டை மறவாதோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டில் சென்னைக்கு வெளியே நாளின் பாதிக்கு மேல் மின்சாரமின்றித் தவித்தபோதுதானே இன்வர்ட்டர் நடுத்தர வீடுகளுக்குள் இத்துணை பரவலாக நுழைந்தது!

தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த பக்கத்து அறைப் பெண்மணி நமது முகத்தைக் கண்டு என்னவென்று கேட்டார். பிரான்சு நாட்டவர், ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் இங்கு வருபவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். தம்மிடமிருந்த பவர் பேங்க்கைத் தந்தார். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அதில் எழுதியிருந்தது. உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி வருகிறது. நம் பாட்டரியை இரண்டு முறை நிரப்பும் அளவு. ஆனால் அவருடைய கணினி டைப்-சி கம்பி வழியே மின்னேற்றம் கொள்வது. நமதோ உருண்டை முனைச் சார்ஜர் உடையது. வெள்ளம் பக்கத்திலேயே ஓட, வாய் வறண்டவர் நிலைதான். புதிதாகக் கணினி வாங்குவோர், டைப்-சி வழியாக மின்னேற்ற முடியுமா என்று கேட்டே வாங்குக. பவர் பேங்க்கும் 45 அல்லது 65 வாட் தரவல்லதாக இருக்க வேண்டும். கைப்பேசிக்கான சிறியவை கணினிக்கு உதவா.

அப்பெண்மணி இன்னொன்றும் கேட்டார்: “சாமி, குரலை ஏன் கம்ப்யூட்டரில் கேட்கிறீர்கள்?”

எளிய கேள்வி. நமக்குத் தோன்றவில்லை. கணினியை ஐந்து நிமிடம் மட்டும் இயக்கி, ஒலிப்பதிவைக் கைப்பேசிக்கு மாற்றினோம். அவரே ஒரு பென்டிரைவையும் கொடுத்தார். அதிலும் ஒரு பிரதி எடுத்தோம். பிறகு கணினியை அணைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு, காதில் கருவியை மாட்டி, உபதேசியாரின் குரலைப் பேனாவால் எழுதத் தொடங்கினோம். விசிறியில்லாத வெயிலில், புயலடித்த இரவில் நற்கருணைப் பேழையை நனையாமல் காக்கத் தம் மேல்துண்டைப் போர்த்தியதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு இடங்களில் இருமினார். அந்த இருமலையும் எழுதலாமா என்று ஒரு கணம் எண்ணினோம்.

பிற்பகல் இரண்டு மணிக்குள் கையெழுத்து வேலை முடிந்தது. அதன்பின் தட்டச்சு. மங்கிய திரையில், இணையமின்றி, விசைப்பலகை விளக்கையும் அணைத்து, இரண்டு மணி நேரம் ஓட்டினோம். 12 விழுக்காட்டில் சேமித்து நிறுத்திவிட்டோம். பொறுப்பாளர் வந்து, “ஆபீஸ் மேசையில ஒரு பாயிண்ட் இன்வர்ட்டர்ல இருக்குது சாமி, காலையிலேயே கேட்டிருக்கலாமே” என்றார். கேட்டிருக்கலாம்தான்.

இனி, பயணம் செய்யும் குடும்பங்களுக்குப் பயன்படும் சிலவற்றை நாம் பட்டறிந்த அளவில் கூறுகிறோம். பாட்டரியை முற்றிலும் இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று இன்றும் பலர் சொல்கின்றனர். அது பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரிக்குரிய விதி. 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி பாட்டரிக்கு அது பொருந்தாது. அடிக்கடி அடிமட்டம் வரை இறங்குவதே அதற்குக் கெடுதல். 2019இல் வேதியியல் நோபல் பரிசு இந்தப் பாட்டரிக்காகவே மூவருக்கு வழங்கப்பட்டது. அவர்களுள் ஜான் குட்எனப் அப்போது 97 வயதினர். லித்தியத்தின் பெரும் பகை வெப்பம். அதிலும் நூறு விழுக்காடு நிரம்பிய நிலையில் வெப்பத்தில் கிடப்பது அதனை விரைவில் முதுமையாக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கணினியை விட்டுச் செல்வது கூடவே கூடாது. எப்போதும் மின்னிணைப்பிலேயே வைத்து வேலை செய்வோர், பல கணினிகளிலுள்ள எண்பது விழுக்காட்டு வரம்பை இயக்கி வைக்கலாம். பயணத்திற்கு முந்தின இரவு மட்டும் முழுதாக ஏற்றிக்கொண்டால் போதும். பாட்டரி உப்பியிருக்கக் கண்டால், ஏற்றுவதை நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்க; வீட்டில் குத்திப் பார்த்தல் ஆபத்து.

மின்சாரம் நின்றவுடன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, திரும்பி வந்து சில நிமிடங்கள் கழித்தே செருகுவது நலம். வரும் வேகத்தில் மின்னழுத்தம் தாறுமாறாக இருக்கக்கூடும். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனையோடு பயன்படுத்துவோர் உண்டு. உலோக உடலுடைய கணினியைத் தொட்டால் விரலில் சுள்ளென்பது பெரும்பாலும் இதனால்தான். இரயிலில் இருக்கையருகே பிளக் இருப்பினும் இரவை நம்பி ஏற வேண்டாம். தீவிபத்தைத் தவிர்க்க, இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை அவற்றை நிறுத்திவைக்கும்படி 2021இல் இரயில்வே அறிவுறுத்தியது.

வளைகுடா நாடுகளில் பிள்ளைகளைக் கொண்டிருப்போர்க்கு ஒரு வார்த்தை. விமானத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 100 வாட்-மணிக்கு மேற்பட்டதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 160க்கு மேல் அறவே இயலாது. 2025 அக்டோபர் முதல் எமிரேட்ஸ் விமானங்களில் அதனைக் கொண்டுசெல்லலாம், பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது.

கார்த்திகைத் தீபத்தின்போது திருவண்ணாமலைக்குச் செல்வோர், வாகனங்கள் ஊருக்கு வெளியே நிறுத்தப்படும் என்பதையும் நினைவிற்கொள்க. மூன்று கம்பி, ஒரு சார்ஜர், கணினி என்று தோளில் சுமந்து அந்தக் கூட்டத்தில் நடப்பது தவமன்று, தண்டனை. குரங்குகளும் பைகளை நன்கறியும்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே மின்சாரம் வந்துவிட்டது. விசிறி சுழன்றதும் மேசையிலிருந்த தாள்கள் பறந்தன. அவற்றைப் பிடித்துச் சேர்த்து, மீதியை அடித்து முடித்து, இரவு பத்துக்கு முன் அச்சகத்திற்கு அனுப்பினோம். பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது அப்பெண்மணி வாங்க மறுத்து, “அந்தத் தாத்தா குரல் உங்களிடமே இருக்கட்டும்” என்றார். இப்போது அது பங்கு இல்லத்தின் இரும்புப் பெட்டியில், திருமுழுக்குப் பதிவேடுகளுக்கு அருகே, ஓர் உறையில் இருக்கிறது. இன்னொரு பிரதியை உபதேசியாரின் மூத்த மகளிடம் கொடுத்தோம். நூலை அவர் இன்னும் திறக்கவில்லையாம். குரலைத்தான் மாலைதோறும் கேட்கிறாராம்.