பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு

புதுச்சேரியில் லூயி என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. அருங்காட்சியகம் இருப்பதே செயின்ட் லூயி வீதியில்தான். எதிரே பாரதி பூங்கா இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் லூயி கோட்டை நின்றது. 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள். இத்தனை லூயிகளுக்கு நடுவே ஒருவன் மட்டும் நம் கண்ணில் படுவதே இல்லை. தலையிழந்த பதினாறாம் லூயியைத் தெரியும். அவருக்குப் பிறகு அரியணை ஏறிய லூயி, பதினெட்டாம் லூயி. நடுவில் இருந்த பதினேழு எங்கே போனது?

அது ஒரு பொடியன். லூயி ஷார்ல் என்று பெயர். 1785 மார்ச் 27 அன்று வெர்சாய் அரண்மனையில் பிறந்தான். ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்ததும் அந்த ஆண்டில்தான். அவனுக்கு மூன்று வயதானபோது, நம் ஊரிலிருந்து கப்பலேறிய திப்பு சுல்தானின் தூதர்கள் மூவர் துலோன் துறைமுகத்தில் இறங்கி, வெர்சாய்க்குப் போய் அவன் அப்பாவிடம் படை கேட்டார்கள். உபசாரம் பலமாக நடந்தது, படை கிடைக்கவில்லை. மறுவருஷம் ஜூனில் அண்ணன் காசநோயில் போய்விட, நாலு வயதில் இவன் பட்டத்து இளவரசன். அடுத்த மாதமே புரட்சி.

1793 ஜனவரியில் அப்பாவின் தலை விழுந்தது. பாரிசில் தாம்பிள் கோபுரச் சிறையில் கிடந்த பிள்ளையை ராஜவிசுவாசிகள் ராஜா என்றார்கள். ஜூலையில் அவனை அம்மாவிடமிருந்து பிரித்து, சிமோன் என்ற செருப்புத் தைப்பவரிடம் வளர்க்கக் கொடுத்தது புரட்சி அரசு. அக்டோபரில், பெற்ற தாய் மேலேயே கூசுகிற பழி சுமத்தும் வாக்குமூலத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். எட்டு வயதுக் கை. எழுத்து கோணல்மாணலாக ஓடியிருக்கிறது.

இடையில் வந்த ஆகஸ்டை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். 23-ஆம் தேதிவாக்கில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் ஆங்கிலப் படையிடம் புதுச்சேரி விழுந்தது. அந்த மாதக் கடைசியிலேயே, தூதர்கள் இறங்கிய அதே துலோனும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அங்கே அட்மிரல் ஹூட், பதினேழாம் லூயிக்காகத்தான் இந்தத் துறைமுகத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறோம் என்று அறிக்கை விட்டார். புதுச்சேரி விஷயத்தில் அந்தப் பாசாங்கெல்லாம் இல்லை. ராஜாவுக்கோ இரண்டு சேதியும் எட்டியிருக்க வழியில்லை.

சிமோனும் போனபின் மாதக்கணக்கில் தனியறை, இருட்டு, அழுக்கு. 1795 ஜூன் 8 அன்று, பத்து வயதில் செத்துப்போனான். உடலைப் பொதுக்குழியில் போட்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்த பெல்தான் என்ற மருத்துவர் இதயத்தைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். பின்னாளில், நான்தான் அந்தப் பையன் என்று நூறு பேராவது கிளம்பி வந்தார்கள்.

1816 டிசம்பரில் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே வந்தபோது, அரியணையில் இருந்தவர் பையனின் சித்தப்பா. பதினேழை விட்டுவிட்டுப் பதினெட்டு என்று அவர் போட்டுக்கொண்டது பிள்ளைப் பாசத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. அரியணை ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை என்று கணக்குக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெல்தான் இதயத்தைக் கொடுக்க முன்வந்தபோது சித்தப்பா ஏற்கவில்லை. 2000-இல் மரபணுச் சோதனை, அந்த இதயம் பையனின் அம்மா மரி அந்துவானெத்தின் வழியோடு பொருந்துகிறது என்று சொன்னது. சேன் தெனி பேராலயத்தில் ராஜாக்களோடு ராஜாவாக அதைச் சேர்க்க 2004 ஜூன் ஆகிவிட்டது.