கயிறு பிடிப்பவன்

பாஞ்சாலங்குறிச்சி எனது ஊர். கட்டபொம்மன் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குக் கோட்டை மண் தெரியுமேயன்றி, அண்மையிலுள்ள கடலின் அடி தெரியாது. அதனை அறியும் ஆவலால் தூத்துக்குடியில் முதிய சங்கு குளியாளர் ஒருவரிடம் சென்று பலமுறை உரையாடினேன்.

கொற்கை முத்தைப் பண்டை யவனரும் அறிவர். இக்கரையில் முத்துக் குளிப்போரைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியுள்ளார். முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் தளத்தைப் ‘பார்’ என்பர். தொள்ளாயிரம் பார் முதலியவற்றின் பெயர்களை அம்முதியவர் தம் வீட்டுத் தெருக்களைச் சொல்வதுபோல் சொன்னார். அவர் தம் இளமையில் கண்ட 1961-ஆம் ஆண்டுச் சலாபமே தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம். சங்கு குளித்தலோ இன்றும் நடைபெறுகிறது.

அக்காலத்தில் குளியாளர் கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தால் எட்டுப் பத்துப் பாக ஆழம் இறங்குவர். ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி சேர்ப்பர். கயிற்றை அசைத்ததும் தோணியிலிருப்பவன் மேலே இழுப்பான். “கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் வைப்போம், தம்பி. தன் தங்கை தாலியறுக்க எவன் சம்மதிப்பான்?” என்றார் பெரியவர். கல்விச்சாலைகளில் கற்பிக்கும் காப்புவிதி எதுவும் இதனினும் சிறந்ததன்று எனத் தோன்றிற்று.

1943-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் கூஸ்தோவும் காஞ்ஞானும் முதுகில் சுமக்கும் சுவாசக் கருவியை அமைத்தனர். அதன்பின் உலகெங்கும் நீர்மூழ்குவோர் கழகங்கள் தோன்றின. புதுச்சேரியில் அத்தகைய கழகமொன்றில் நானும் சில நாள் பயின்றேன். வண்ண மீன்களைக் காணுமுன் எமக்குக் கற்பித்தவை இரண்டு: தனியே இறங்கலாகாது, விரைந்து ஏறலாகாது. இருவர் இருவராக இறங்கி, ஒருவர் காற்றளவை மற்றவர் கேட்டறிவோம். திரும்புகையில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நிற்போம்.

காரணம் எளிது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் மிகும். அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலிற் கரைந்துவிடும். திடீரென மேலெழுந்தால், மூடி திறந்த சோடாப் புட்டியைப் போல அது குமிழிகளாய்ப் பொங்கும். மூட்டு வலியும் முடக்கமும், சிலவேளை மரணமும் நேரும்.

மூச்சடக்கி ஒரு நிமிஷம் மூழ்கியவர்க்கு இவ்வபாயம் மிகக் குறைவு. இன்று சங்கு குளிப்போரிற் பலர் படகிலுள்ள காற்றழுத்த இயந்திரத்தின் குழாயைக் கவ்விக்கொண்டு நெடுநேரம் அடியில் உழைக்கின்றனர். காற்று வந்தது, காலக்கணக்கு வரவில்லை. அப்பெரியவர் வீட்டுத் திண்ணையிலேயே, கால்கள் வலுவிழந்த இளைஞன் ஒருவன் அமர்ந்திருந்தான். அவன் அவருடைய பேரன். “எனக்குக் கயிறு பிடிக்க ஆளிருந்தான், இவனுக்கு இயந்திரம்தான் இருந்தது,” என்றார் அவர்.

பொழுதுபோக்காகக் கடலில் இறங்கும் நமக்கு ஆசானும் துணைவனும் அட்டவணையும் உண்டு. வயிற்றுப்பாட்டிற்காக நாள்தோறும் இறங்குவோர்க்கு அவை இல்லை. நீரியல் கற்கும் மாணவரும் மருத்துவம் பயிலச் செல்லும் நண்பரும், ஆழத்திற்கேற்ற காலக்கணக்கை அவர்தம் மொழியிலேயே எடுத்துரைத்தல் கூடாதா? அழுத்த அறைச் சிகிச்சை கரைக்கு அருகிலேயே கிடைக்க வேண்டுமென நாம் கேட்டலாகாதா? கல்வியும் ஒருவகைக் கயிறே. அதனைக் கையில் வைத்திருப்பவர், கீழே மனிதன் இருப்பதை மறவாதிருத்தல் கடன்.