சுஷிக்கு கோலி சோடா... சத்தமில்லாமல் திறந்த ஒரு பாட்டில்!

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நான்கு பேர் அவர்கள். பொங்கல் லீவில், வங்கியில் வேலை பார்க்கும் நண்பரின் வீட்டு மொட்டை மாடியில் கூடியிருந்தார்கள். ஒருவர் திருச்சியிலிருந்து சுஷி பார்சலோடு வந்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்தவரின் பையில், இத்தாலியின் ப்ரோசெக்கோ என்ற நுரைக்கும் ஒயின். கோட்டைப்பட்டினத்துக்காரர் கொண்டுவந்தது ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ், கூடவே ஆறு கோலி சோடா.

சோடா அவருக்கு. அவர் குடிக்க மாட்டார். கடலுக்குப் போய்வந்த காசையெல்லாம் குடித்தே தீர்த்தவர் அவர் அப்பா. ராத்திரியில் பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே தங்கையை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிய கதையை, கல்லூரி நாள்களில் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதன்பிறகு யாரும் அதைக் கிளறியதில்லை.

"நீங்க சாப்பிடுங்கடா, நான் எதுக்கு?" என்று போனில் தயங்கியவரை, "நீ இல்லாம மீனு நல்லாருக்கா இல்லையான்னு யாரு சொல்றது?" என்று கேட்டு வரவழைத்தது சிங்கப்பூர்க்காரர்தான்.

பார்சலைப் பிரித்ததும் வங்கி நண்பருக்கு முகம் மாறியது. "பச்சை மீனா?"

இல்லை. சுஷி என்றாலே பச்சை மீன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வினிகர் கலந்த சோறுதான் சுஷியின் அடிப்படை. அன்று வந்திருந்தது வேகவைத்த இறாலும் வெள்ளரிக்காயும். பச்சை மீன் பரிமாறும் இடங்களில், ஒட்டுண்ணிகளைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைப்பது ஒரு முறை. ஐஸ் பெட்டியில் போட்ட மீனை அப்படியே பச்சையாகச் சாப்பிட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம்.

கோட்டைப்பட்டினத்துக்காரர் ஓர் இறாலை மென்றார். "கடல் இறால் இல்லடா. பண்ணை" என்றார். சப்பென்று இருந்தாலும் சோறு பிடித்திருந்ததாம். பழைய சோற்றின் புளிப்பு கொஞ்சம் இருக்கிறது என்றார்.

அடுத்தது பாட்டில். பஸ்ஸில் சூடேறி வந்திருந்தது. சூடாகத் திறந்தால் பாதி நுரையாகப் பொங்கிவிடும். "வெறும் ஐஸ்ல வைக்காத, தண்ணி ஊத்தி கல்லுப்பு போடு" என்று வழி சொன்னதும் குடிக்காத அந்த நண்பர்தான். அரை மணி நேரத்தில் ஜில்லென்றானது.

சினிமாவில் குலுக்கி, 'டப்' என்று கார்க்கைப் பறக்கவிடுவார்களே, அது தப்பான முறை. உள்ளே கார் டயரைவிட அதிக அழுத்தம் இருக்கிறது. கார்க் கண்ணில் பட்டால் ஆபத்து. சிங்கப்பூர்க்காரர் கார்க்கின் மேல் துண்டைப் போட்டார். கம்பியைத் தளர்த்தினார். கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் மெள்ளத் திருகினார். ஒரு பெருமூச்சு போல 'ஸ்ஸ்' என்றது. அவ்வளவுதான். அந்த நேரத்தில் கோட்டைப்பட்டினத்துக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வாய் புளிப்பு. இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். சோயா சாஸில் தோய்த்த இறாலோடு குடித்தபோது புளிப்பு அடங்கியது. உப்பு அந்த வேலையைச் செய்கிறது. ஆளுக்கு ஒரு டம்ளர். பைக் சாவிகள் கோட்டைப்பட்டினத்துக்காரரின் பாக்கெட்டில்.

அவர் சோடாவில் எலுமிச்சை பிழிந்து, உப்பு போட்டு, அதே இறாலைச் சாப்பிட்டார். டம்ளரை வாங்கி ருசி பார்த்த திருச்சிக்காரர், "இதுதான்டா இன்னும் நல்லாருக்கு" என்றார். தப்பில்லை. புளிப்பு, உப்பு, குமிழி மூன்றும் அதிலும் இருக்கின்றனவே! கோலி பாட்டில் 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கியது. ஜப்பானில் 'ராமுனே' என்ற குளிர்பானத்தை இன்றும் அந்தக் கோலி பாட்டிலில்தான் விற்கிறார்கள். சுஷி பிறந்த ஊருக்கு நம்ம கோலி சோடா அந்நியமே இல்லை.

பத்து மணிக்கு இலையெல்லாம் சுருட்டிப் போட்டு, காலி பாட்டிலை யார் கண்ணிலும் படாமல் பையில் மறைத்தார்கள். கீழே வங்கி நண்பரின் அம்மா இன்னும் தூங்கவில்லை.

"அடுத்த தடவை எங்க ஊருக்கு வாங்கடா. நண்டு நான் வாங்கி வைக்கிறேன்" என்றார் கோட்டைப்பட்டினத்துக்காரர். படியிறங்கும்போது சிங்கப்பூர்க்காரரிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாட்டிலும் எடுத்துட்டு வா. இதே மாதிரி திற."