சக்கரத்தின் மேல் ஒரு வீடும் நடுவே ஒரு கடலும்

எங்கள் ஊருக்கு ஓரிக்கை என்று பெயர். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், நகரத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. திருமழிசையாழ்வாரும் அவர்தம் சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டு வெளியேறிய நாளில், அவர்கள் பின்னே சென்ற பெருமாள் இங்கு ஓரிரவு தங்கினார் என்பதும், 'ஓரிரவு இருக்கை' என்பதே ஓரிக்கை என மருவிற்று என்பதும் ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. ஓரிரவுத் தங்கலையே பெயராகக் கொண்ட ஊரில் வாழ்வதனாலோ என்னவோ, மூட்டை கட்டுவதென்றால் எங்கள் வீட்டில் எவருக்கும் சலிப்பில்லை.

ஆயினும் இம்முறை பயண ஆசையை மூட்டிவிட்டது இலண்டனிலிருந்து வந்த சில நிழற்படங்களே. அங்கு வாழும் எங்கள் சித்தியின் மூத்த மகன், மனைவி மக்களோடு ஒரு 'மோட்டார் ஹோம்' வாடகைக்கு எடுத்து, ஜெர்மனியிலுள்ள கெவலார் மாதா திருத்தலத்துக்குச் சென்று வந்திருந்தார். ஆகஸ்டு மாதந்தோறும் ஐரோப்பாவில் வாழும் தமிழர் ஆயிரக்கணக்கில் அங்குத் திருயாத்திரையாகக் கூடுவது வாசக அன்பர் பலர் அறிந்ததே. மோட்டார் ஹோம் என்பது சக்கரத்தின் மேல் அமைந்த சிறு வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள்ளேயே உண்டு. டோவர் துறைமுகத்தில் கப்பல் வாயைத் திறந்து நிற்க, கார்களும் லாரிகளும் இத்தகைய வீடுகளும் வரிசையாக அதனுள் ஓடி நுழைகின்றனவாம். எரிவாயுவை அடைத்துவிட்டு, வண்டியைப் பூட்டிவிட்டு, அனைவரும் மேல்தளத்துக்கு ஏறிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் பிரான்சு நாட்டின் கலே துறை. அங்கு வண்டியை வெளியே ஓட்டிச் சாலையின் வலப்பக்கம் பிடித்தால், பெல்ஜியம், நெதர்லாந்து வழியாக ஜெர்மனி. கப்பலின் அந்த வாய்க்கதவை மூட மறந்து புறப்பட்டதனால் 1987 மார்ச்சில் பெல்ஜியக் கரையருகே ஓர் ஆங்கிலக் கப்பல் கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். அதன் பின்னரே இக்கப்பல்களின் காவல் விதிகள் கடுமையாயின.

படங்களைப் பார்த்த எங்கள் பிள்ளைகள் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டார்கள். டோவர் கடலிடுக்கு மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். நம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ளதும் ஏறத்தாழ அதே அளவுதான். அங்கே இரவுபகலாக வீடுகளே கடலைக் கடக்கின்றன. இங்கே ஒரு மிதிவண்டிகூட அவ்வழியே போவதில்லை. ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கடலின் ஆழம் குறைவு என்று ஒரு விடை சொல்லலாம். அது முழு விடை அன்று. பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டிலேயே, அந்த ஆழமற்ற கடலுக்கென்று அமைத்த கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்னும் நீராவிக் கப்பல்கள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடத் தொடங்கிவிட்டன. சென்னையில் இரயிலேறி, கடலைக் கப்பலில் கடந்து, மீண்டும் இரயிலேறிக் கொழும்பில் இறங்கியவர் எத்தனையோ பேர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னும் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் போர் மூண்டபின்தான் அதுவும் நின்றது.

அந்தக் கப்பலில் சென்றவரே எங்கள் சித்தி. தாயாரின் ஒரே தங்கை. மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் வாழ்க்கைப்பட்டு, 1974இல், 'இராமானுஜம்' என்னும் கப்பலேறி இராமேசுவரத்திலிருந்து போனார். 1982இல் எங்கள் பாட்டியார் இறந்தபோது ஒருமுறை வந்தார். அதன் பிறகு அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. போரின்போது ஆண்டுக்கணக்கில் கடிதமும் இல்லை. பிற்காலத்தில் கைப்பேசியில் முகம் பார்த்துக்கொண்டார்கள். விமானம் இல்லையா என்று கேட்கலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019இலேயே விமானம் வந்துவிட்டது. ஆனால் தாயார், "அவ கப்பல்ல போனா, நானும் கப்பல்லயே போறேன்" என்று சொல்லிவிட்டார். எழுபத்தொன்பது வயதுப் பிடிவாதத்தை யார் அசைக்க முடியும்?

இறைவன் அருளால் கப்பலும் வந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியபாணி' என்னும் பயணிகள் கப்பல் புறப்பட்டது. சில நாட்களிலேயே பருவமழையை முன்னிட்டு நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பல் அவ்வழியில் ஓடத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர், கடலில் நான்கு மணி நேரம்.

தாயாருக்குக் கடவுச்சீட்டு எடுப்பதே தனிக் கதையாயிற்று. நாற்பது ஆண்டுகள் பட்டுத்தறியில் அமர்ந்து, சரிகையும் நூலும் உராய்ந்து தேய்ந்த விரல்கள் அவருடையவை. கைரேகை பதியும் கருவி அவற்றில் ரேகையே காணவில்லை. அலுவலர் பொறுமையோடு ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பதிய வைத்தார். "ரேகையெல்லாம் பொடவையில போயிடுச்சு சார்" என்றார் தாயார்.

2025 கோடை விடுமுறையில் புறப்பட்டோம். எங்கள் மைத்துனர் வாடகைக்கு ஓட்டும் டெம்போ டிராவலர் வண்டியே எங்களுக்கு மோட்டார் ஹோம். நெடுநேரம் அமர முடியாத தாயாருக்காகப் பின்னிருக்கைகளின் மேல் பலகையிட்டு மெத்தை விரித்தோம். ஐந்து கிலோ எரிவாயு உருளை, ஒற்றை அடுப்பு, குக்கர், இரண்டு குடம், பாய்கள், வாளி, கட்டித் தொங்கவிடப் பழைய வேட்டி. வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு சென்றவர் எவருக்கும் இந்தப் பட்டியலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பியர் பெரும் பொருள் செலவிட்டுச் செய்யும் ஏற்பாட்டை நம் பங்கு மக்கள் வாடகை வேனில் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். ஆனால் அதற்கொரு பெயர் வைக்கவில்லை.

உத்திரமேரூர், மதுராந்தகம், திண்டிவனம், புதுச்சேரி, கடலூர் என்று வண்டி சென்றது. அகலச் சாலை வந்தபின் சாலையோரப் புளியமரங்கள் அருகிவிட்டன. நிழல் தேடி ஊர்ச்சாலை ஒன்றில் இறங்கி, சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து உண்டோம். தாயார் மெத்தையில் சாய்ந்தபடியே உப்புப் பார்த்துச் சொன்னார். வேளாங்கண்ணியில் ஓரிரவு. பிள்ளைகள் வண்டிக்குள்ளும் நாங்கள் வண்டிக்கு வெளியே பாயிலும் உறங்கினோம். அதிகாலைத் திருப்பலி கண்டு நாகப்பட்டினம் துறைமுகம் சென்றோம்.

அங்கே வீட்டைப் பிரிய வேண்டியதாயிற்று. இக்கப்பல் மனிதரைத்தான் ஏற்றும். வண்டிக்கு அதில் இடமில்லை. இடமிருந்தாலும் எளிதில் ஆகாது. ஒரு நாட்டு வண்டி மற்றொரு நாட்டுக்குச் சுற்றுலா செல்லும்போது, அதை அங்கே விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பிணையாகக் 'கார்னே' என்னும் ஏட்டை மோட்டார் வாகனச் சங்கத்தில் பணம் கட்டிப் பெறவேண்டும். இரு நாட்டிலும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறோம், பேசுவதும் ஒரே மொழி. இருந்தும் நம் வண்டி கரையிலேயே நிற்கிறது. மைத்துனர் வண்டியோடு தங்கிவிட்டார். அடுப்பும் உருளையும் மெத்தையும் அவரிடம். ஒரே ஒரு சிறு பொட்டலத்தை மட்டும் தாயார் தம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். மிளகு, சீரகம், சுக்கு பொடித்துக் கலந்த காஞ்சிபுரம் இட்லிப்பொடி. சுங்கத்தில் மோந்து பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பினார்கள்.

கடல் அன்று அமைதியாகவே இருந்தது. முதல் ஒரு மணி நேரம் தாயார் கண்ணை மூடிச் செபமாலை சொன்னார். பின்பு சன்னலருகே நகர்ந்து, "இவ்வளவு தண்ணியையா தாண்டிப் போனா?" என்று ஒருமுறை கேட்டார். வேறொன்றும் பேசவில்லை. 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் கோலத்தில் இக்கடலைக் கடந்து, குருக்களற்றுக் கிடந்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடிச்சென்ற புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். சொல்லி முடிக்குமுன்னரே காங்கேசன்துறையின் பழைய சிமெந்துத் தொழிற்சாலை தென்பட்டது.

பேசாலையிலிருந்து சித்தியின் இளைய மகன் 'ஹையேஸ்' வான் கொண்டுவந்திருந்தார். உள்ளே ஒரு மெத்தை விரித்திருந்தது. யாரும் சொல்லி அனுப்பவில்லை. "அம்மாதான் போடச் சொன்னவ, பெரியம்மாவுக்கு முதுகு நோகுமெண்டு" என்றார். நாகப்பட்டினத்தில் விட்டு வந்த வீடு இங்கே வந்து நிற்பதுபோல் இருந்தது. 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று கரையோரமாகவே சென்றோம். பனைகளும் வெட்டவெளியுமான நிலம். மன்னார் வீதியில் கழுதைகள் குறுக்கே நின்று வழிவிட மறுத்தது பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி.

அக்காளும் தங்கையும் சந்தித்ததை எழுதப் புகவில்லை. இருவரும் அழுவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர்களோ நேரே அடுக்களைக்குச் சென்று, அரிசியும் உளுந்தும் எவ்வளவு ஊறப்போடுவது என்று வாதிடத் தொடங்கினார்கள். மறுநாள் காலை இட்லி வெந்தது. மந்தாரை இலை இல்லாத குறையைச் சித்தி மூன்றுமுறை சொன்னார்.

மூன்றாம் நாள் மடுவுக்குச் சென்றோம். மாந்தையிலிருந்து 1670இல் கொண்டுவரப்பட்ட அன்னையின் சுரூபம் காட்டின் நடுவே எழுந்தருளியிருக்கும் திருத்தலம் அது. ஆகஸ்டுத் திருவிழாவில் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, மரநிழலில் கூடாரம் அடித்து, நாட்கணக்கில் சமைத்துத் தங்குவார்கள். நாங்கள் சென்ற நாளில் கூட்டமில்லை. பெரிய பாலை மரம் ஒன்றின் அடியில் பாய் விரித்துத் தாயாரைப் படுக்க வைத்தோம். எங்கள் வேனைப் பற்றியும், வழியில் சமைத்ததைப் பற்றியும், வேளாங்கண்ணியில் வெறும் தரையில் படுத்துறங்கிய சுகத்தைப் பற்றியும் பிள்ளைகள் உற்சாகத்தோடு சொன்னார்கள். சித்தி நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

பிறகு மெல்லச் சொன்னார். 1990இல் சண்டை மூண்டபோது பேசாலையை விட்டு ஓடி, மூன்று பிள்ளைகளோடு இந்த மரங்களின் கீழ்தான் அவர் இருந்திருக்கிறார். அக்காலத்தில் பல்லாயிரம் பேருக்கு மடு அடைக்கலமாக இருந்தது. ஒரு பொலித்தீன் விரிப்பு, மூன்று கல் அடுப்பு, ஒரு வாளி. மாதங்கள் பல. "நீங்கள் ஆசைக்கு வெளியில படுக்கிறியள். எங்களுக்கு மழை எந்தப் பக்கத்தால வருமெண்டு பாக்கிறதே வேலை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். பேசாலைக்குத் திரும்பி வந்த பின், 1999 நவம்பரில், இதே வளாகத்தில் எறிகணை விழுந்து அடைக்கலம் புகுந்தோர் பலர் மாண்டதையும், 2008இல் அன்னையின் சுரூபத்தையே குருக்கள் இங்கிருந்து எடுத்துச்சென்று சில மாதங்கள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்ததையும் சொன்னார். இலண்டனிலுள்ள மூத்தவர் அன்று எட்டு வயதுப் பையன். படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியைப் பொருள் கொடுத்து வாடகைக்கு எடுக்கிறானே என்று சித்திக்கு இன்றும் வியப்பு.

தாயார் அதுவரை கண்ணை மூடியிருந்தார். உறங்கிவிட்டார் என்றே எண்ணினோம். அவர் கையை நீட்டிப் பாயில் தட்டி, "இப்படி வந்து படுடி" என்றார்.

சித்தி மேலே மரத்தைப் பார்த்தார். "இந்த மரத்துக்குக் கீழ நான் ஒருநாளும் சும்மா படுத்ததில்லை அக்கா" என்றார். பின்பு சேலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அக்காளின் அருகே சாய்ந்தார். சிறிது நேரத்தில் இருவரும் உறங்கிப்போனார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் கோயிலுக்குச் சென்றுவிட்டோம். மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. ஒரு பிடி எடுத்துக்கொள்ள வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது மாலை நான்கு மணி. அவர்களை எழுப்ப வானோட்டி வந்தவருக்கும் மனம் வரவில்லை.

இவ்வழியில் செல்ல விரும்பும் குடும்பத்தாருக்கு ஒன்று சொல்லவேண்டும். அக்டோபர் முதல் பருவமழைக் காலத்தில் கப்பலை நம்பிப் புறப்பட வேண்டா. மற்ற மாதங்களிலும் கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப்போகும். கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. வயதானவர்க்கு அக்கரையில் ஒரு வண்டியை முன்னரே பேசி வைக்கவேண்டும்.

சித்தி கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குள் வந்துவிட வேண்டுமாம். வண்டியின் பின்னிருக்கைப் பலகையைக் கழற்ற வேண்டா என்று மைத்துனரிடம் தாயார் சொல்லி வைத்திருக்கிறார். இருவர் படுக்க அகலம் போதுமா என்று அவர் அளந்து பார்த்தார். நான்கு விரற்கடை குறைகிறது.