நான்கு கோட்டு நோட்டு

கொரியா (chorea) என்னும் கையாட்ட நோய் வந்த பிள்ளையைக் கூட்டிவரும்போது பள்ளி நோட்டையும் கொண்டுவரச் சொல்வேன். மருந்து கேட்கிறதா இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனையைவிட நான்கு கோட்டுக்குள் நிற்கும் எழுத்து நன்றாகவே சொல்லிவிடும்.

தொண்டைப் புண்ணை வீடே மறந்த பிறகு, பல வாரமோ மாதங்களோ கழித்து வரும் நோய் இது. ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள், அதிலும் பெண்பிள்ளைகளுக்கு அதிகம். கை தானாகத் துள்ளும், டம்ளர் நழுவும், சும்மா இருக்கும்போதே அழுகை வரும். என் இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால், பால் கறப்பதுபோல் இறுக்கியும் தளர்த்தியும் பிடிப்பாள். தூங்கினால் எல்லாம் அடங்கிவிடும். 1686-இல் இதை எழுதிவைத்த மருத்துவர் தாமஸ் சிடன்ஹாமுக்கு ருமாட்டிக் காய்ச்சலோடு இதற்குள்ள உறவு தெரியாது. தெரிந்த நம் காலத்திலும், எங்களிடம் வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் கையெழுத்துக்காகத் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

படித்து முடித்த புதிதில் ஹாலோபெரிடால்தான் என் முதல் மருந்து. ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு ஆட்டத்தைச் சீக்கிரம் நிறுத்திக்காட்டும் ஆசையில் அளவை விறுவிறுவென்று ஏற்றினேன். மூன்றாம் நாள் இரவு கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகிய நிலையில் தூக்கி வந்தார்கள். ப்ரோமெத்தசின் ஊசியில் கழுத்து நேரானது. "ஆடாம இருக்கத்தான மருந்து கேட்டோம், இப்பிடி முறுக்கிக்கிச்சே டாக்டரய்யா" என்றார் அவள் பாட்டி.

அதன்பின் என் கை தானாகவே குறைத்து எழுதுகிறது. சாப்பிடவும் எழுதவும் முடிகிற பிள்ளைக்கு மாத்திரையே வேண்டாம். பெரும்பாலும் சில மாதங்களில் நோய் தானே விடைபெறும். முடியாதவளுக்கு வால்ப்ரோயேட், கிலோவுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 20 வரை. கல்லீரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வயதுக்கு வந்த பெண் என்றால் குறைந்த அளவில் கார்பமசெபைன். பின்னாளில் கருவுற்றால் வால்ப்ரோயேட் சிசுவைப் பாதிக்கும். உட்காரவே முடியாமல் வருகிறவர்களுக்கு மட்டும் பிரட்னிசோலோன். ஆட்டம் நின்று சில வாரம் பார்த்துவிட்டு, இந்த மருந்துகளை மெல்ல இறக்கி நிறுத்திவிடுவேன்.

நிறுத்தக்கூடாதது, தொண்டைத் தொற்று திரும்பாமல் காக்கும் பென்சிலின் ஊசி. வெளியே ஆடுவது கை. உள்ளே ஓசையில்லாமல் கசிவது இதயத்தின் மைட்ரல் வால்வாக இருக்கலாம். ஸ்டெதாஸ்கோப்புக்கு எட்டாத கசிவை எக்கோ காட்டும். ஊசியின் அளவு 27 கிலோவுக்கு மேல் 12 லட்சம் யூனிட், கீழே பாதி, 21 நாளுக்கு ஒருமுறை. இதயம் தப்பியிருந்தாலும் குறைந்தது ஐந்து ஆண்டு. கெட்டியான மருந்து, மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், வலியும் கடுமை. கரைத்த குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, மெதுவாகத் தள்ள எங்கள் செவிலியர் அக்காவுக்குத்தான் தெரியும். நான் போட்டால் பிள்ளை அலறும்.

"கை நின்னுடுச்சே சார், இன்னும் எதுக்கு ஊசி?" போன வாரம் ஒரு அப்பா கேட்டார். மகளின் எக்கோ படத்தைக் காட்டி விளக்கினேன். நோட்டின் பின்னட்டையில் தேதிகளை எழுதிக் கொடுத்தேன். அடுத்தது தீபாவளியன்று விழுகிறது என்றார்.

இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடச் சொன்னேன்.