ஒரு மரை கற்பித்த பாடம்



உங்கள் இல்லத்தில் கார் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால், போல்ட்டும் நட்டும் இல்லாத இல்லம் உண்டா? தையல் இயந்திரம் முதல் மின்விசிறி வரை அவற்றை நம்பியே நிற்கின்றன. ஆகவே, வாகனம் இல்லாதோரும் இதனைப் படிக்க வேண்டுகிறேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எனக்கு இயந்திரத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் கையால் நான் செய்த தவறே அந்தத் தகுதி.

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் வசிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாருதி 800 கார் ஒன்றை வாங்கினேன். ஒருநாள் அதன் சைலன்சர் குழாயைக் கழற்ற நேர்ந்தது. சூட்டில் வெந்து துருவேறிய நட்டு அசையவே இல்லை. ஸ்பானரை அழுத்தியதும் ஸ்டட் முறிந்தது. முறிந்த துண்டைத் துளையிட்டு எடுக்க ஒரு பகல் முழுவதும் கழிந்தது. அப்போதுதான் 'ஆன்டி சீஸ்' என்னும் பசையைப் பற்றி அறிந்தேன். செம்பு, நிக்கல், அலுமினியம் போன்றவற்றின் நுண்துகள்கள் கலந்த கிரீஸ் அது. அதைத் தடவி முடுக்கினால், கடும் வெப்பத்திலும் மரைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாமல், வேண்டும்போது கழன்று வரும்.

ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த முறை ஸ்பார்க் பிளக் மாற்றியபோது மூன்று பிளக்குகளுக்கும் தாராளமாகப் பூசினேன். பிறகு நீண்ட கைப்பிடி கொண்டு என் பலம் கொண்ட மட்டும் முடுக்கினேன். வேலையைத் திருந்தச் செய்துவிட்டதாக எனக்குள் பெருமை வேறு!

சில வாரங்கள் சென்றன. ஓரிரவு இஷாத் தொழுகைக்குப் பின் என் தாயாருக்குக் கடுமையான மூச்சுத்திணறல் ஏற்பட்டது. காரில் ஏற்றிக்கொண்டு கடலூர் மருத்துவமனை நோக்கிப் புறப்பட்டேன். வடலூரைக் கடந்து குறிஞ்சிப்பாடியை நெருங்கும்போது வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை! எஞ்சின் தடதடத்து நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு பிளக் மரையோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

இருண்ட சாலை. பின்னிருக்கையில் தாயார் மூச்சுக்குப் போராட, என் மனைவி அவரை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கைகாட்டிய வண்டிகள் நில்லாமல் சென்றன. இறுதியில், முன்பின் அறியாத ஒரு சகோதரர் தம் சரக்கு வண்டியை நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். தாயார் பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும், சாலையோரத்தில் நின்ற அந்த இருபது நிமிடங்களை என்னால் மறக்க இயலவில்லை.

எங்கள் தெருவில், சுரங்கத்தின் பக்கெட் வீல் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் பிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். காரைப் பார்த்தவர், "ஹஜ்ரத், இதுல எதையாவது தடவினீங்களா?" என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

அவர் விளக்கியது இதுதான். நாம் ஸ்பானரில் செலுத்தும் முயற்சியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. மற்றதெல்லாம் மரையிலும் தலைக்கடியிலும் உராய்விலேயே தீர்ந்துவிடுகிறது. கிரீஸ் பூசினால் உராய்வு குறையும். அதே முயற்சிக்கு இழுவிசை வெகுவாகக் கூடிவிடும். பிளக் எஃகு, அது அமரும் ஹெட் அலுமினியம். மென்மையான அலுமினிய மரையே முதலில் சிதையும். புதிய பிளக்குகளின் மரைக்கு ஏற்கனவே உலோகப் பூச்சு உண்டு. அதனால் ஆன்டி சீஸ் வேண்டாம் என்று பிளக் தயாரிக்கும் என்.ஜி.கே. நிறுவனமே அறிவுறுத்துகிறது. வாஷருடன் கூடிய புதிய பிளக்கைக் கையால் முடுக்கி அமர்த்தியபின், ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்தினால் போதும்.

சிதைந்த துளையில் புது மரை வெட்டி, எஃகுச் சுருள் ஒன்றைப் பொருத்தினார். நானோ அச்சம் நீங்காமல், "அண்ணே, இனி கழலவே கழலாதபடி லாக்டைட் போட்டுவிடுங்களேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "பிளக்கை அடுத்த தடவை மாத்த வேண்டாமா, ஹஜ்ரத்?"

லாக்டைட் என்பது ஆன்டி சீஸுக்கு நேர்மாறானது. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் கண்டறிந்தது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும். மரைகளுக்கிடையே காற்றற்ற இடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் கெட்டியாகிவிடும். புட்டியை முழுதும் நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு விற்பதன் காரணம் இதுவே. பக்கவாட்டு அதிர்வு, நன்கு முடுக்கிய போல்ட்டையும் தானாகக் கழலச் செய்யும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-இல் சோதனை வழியே காட்டினார். அத்தகைய அதிர்வுக்கு ஆளாகும் போல்ட்டுகளுக்கே, தயாரிப்பாளர் கூறியிருந்தால், இது உரியது. எண்ணெய்ப் பசையை நன்கு துடைத்தபின் ஓரிரு துளிகள் போதும். முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். பொதுவாக நீல நிறத்தது சாதாரண ஸ்பானருக்கே கழலும். சிவப்பு நிறத்ததைக் கழற்ற ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க நேரும். அறியாமல் சிறு போல்ட்டுக்குச் சிவப்பைப் போட்டால், கழற்றும்போது தலை முறிந்து கையோடு வரும்.

வாசகர்களே! ஒன்று பிடித்து வைக்கிறது. மற்றொன்று பிரிய விடுகிறது. இரண்டும் நல்லவையே. சைலன்சர் ஸ்டட்டுக்கு நன்மை செய்த அதே பசைதான் பிளக்கின் மரையைக் கெடுத்தது. பெரும்பாலான போல்ட்டுகளுக்கு இரண்டுமே தேவையில்லை. வண்டியோடு வரும் கையேட்டில் குறித்த அளவே போதுமானது. உங்கள் வண்டி பழுது பார்க்கப்படும்போது அருகில் இருந்தால், "இதற்கு இது தேவையா? இத்தனை முடுக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இரவு வந்திராது.

இப்போதும் காரில் ஏறும்போதெல்லாம் என் தாயார், "எல்லாத்தையும் நல்லா முடுக்கிட்டியா தம்பி?" என்று கேட்பார்.

"அளவா முடுக்கியிருக்கேன்ம்மா" என்பேன். அதன் பிறகுதான் கதவைச் சாத்துவார்.