பூட்டனார் பிறந்த ஊர்

கண்டி நகரின் மகியாவ மயானத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரரின் கல்லறை இருக்கிறது. 1852இல் இளைஞராக இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டவர் அவர். 1892ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி மறைந்த அவருடைய உடலைத் தோட்டத் தொழிலாளர்களே மலைப்பாதை வழியாகச் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் காக்கப்பட்டு வருகின்றன. ஆனால் அவரைச் சுமந்த தோள்களுக்கு உரியவர்கள் எந்த ஊரார்? அதைச் சொல்லக் கல்லும் இல்லை, கடிதமும் இல்லை.

என் பூட்டனாரும் அந்த வகையைச் சேர்ந்தவரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்காணி ஒருவருடன் அவர் கண்டிச் சீமைக்கு வந்தார். அக்காலத்தில் வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. அதில் பொறிக்கப்பட்டிருந்தவை தோட்டத்தின் எழுத்தும் எண்ணுமே. ஆளின் பெயருக்கு அதில் இடமில்லை.

பெயரைக் கேட்கும் காலமும் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டச் சொல்லிற்று. லயத்து அறையில் பிறந்தவனிடம் மூன்று தலைமுறைச் சான்று எங்கே இருக்கும்? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரை தவணை இருந்தது. இடைவிடாது இங்கே வசித்ததை நிறுவ வேண்டி, எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் கையில் கிடைத்த தாள்களையெல்லாம் திரட்டினார்கள்.

என் பாட்டனார் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதில் அவருடைய தந்தையின் பெயரும், திருச்சிராப்பள்ளி ஜில்லா, முசிறி தாலுகா என்ற விவரமும், ஆங்கில எழுத்தில் ஓர் ஊர்ப் பெயரும் உள்ளன. தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த ஒரு சொல் பல ஆண்டுகள் புதிராக இருந்தது. அங்கே எழுதப்பட்டது லகரமா, ளகரமா, ழகரமா? தகரமா, டகரமா? ஆங்கில எழுத்து எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்து, எதையும் உறுதியாகச் சொல்லாமல் நின்றது.

விடை கடலுக்கு அப்பால் இருந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பாட்டனாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. மணமாகியிருந்த அத்தையோ கணவர் குடும்பத்துடன் 1970இல் தலைமன்னாரில் கப்பலேறினார். நீலகிரியின் கூடலூரில் மறுபடியும் தேயிலைக் கொழுந்தே அவருக்குப் பிழைப்பாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் அத்தையிடம் ஊரைப் பற்றிக் கேட்டேன். "அப்பாயி சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தம்பி" என்று சொல்லி, அந்தப் பெயரை அழுத்தந் திருத்தமாக உச்சரித்தார். ழகரம்! குலதெய்வக் கோவில் ஏரிக்கரையில் இருப்பதையும் சொன்னார். எழுத்து மறைத்ததை ஒரு முதிய நாவு காத்து வைத்திருந்தது.

அந்த ஊருக்குச் சென்றேன். எங்கள் உறவென்று சொல்லிக்கொள்ள அங்கே எவரும் இல்லை. ஆயினும் வயது முதிர்ந்த ஒருவர் வேலி சூழ்ந்த வெற்று நிலம் ஒன்றைக் காட்டி, "அது கண்டியார் வீட்டு மனை" என்றார். நூறாண்டுக்கு மேலாகியும், போனவர்களின் பெயரால் அந்த மண் அழைக்கப்பட்டு வருகிறது. கண்டியில் எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். இந்தியாவில் எங்கள் மனைக்குக் கண்டியார் என்று பெயர். கூடலூரில் அத்தையின் வீட்டாரை இன்னமும் சிலோன்காரர் என்கிறார்களாம்.

எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒருவாறு தீர்ந்தது. "இனி இந்தப் பழந்தாள்கள் எதற்கு?" என்று பெட்டியைக் காலி செய்யும் வீடுகள் பல. அன்பர்களே, அவசரப்படாதீர்கள். நம்மைக் கணக்கெடுக்கவும் கப்பலேற்றவும் எழுதப்பட்ட அந்தத் தாள்களே இன்று நம் வமிசாவளி. விண்ணப்ப நகல், பழைய கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியோரின் குடும்ப அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் குறித்து வையுங்கள். பதிவேட்டில் இருப்பது ஒன்று, பாட்டி அறிந்தது மற்றொன்று. குலதெய்வம் எது, பங்காளிகள் எவர் என்று வீட்டு முதியோரிடம் கேளுங்கள்.

அதையும் இன்றே கேளுங்கள். ஊர்ப் பெயரை எனக்குச் சொன்ன அடுத்த ஆண்டே அத்தை காலமாகிவிட்டார்.